அமெரிக்காவில் சிறிய தனியார் கல்லூரி: காசுக்கு ஏற்ற படிப்பா என்று கணக்குப் போடுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் இலையுதிர் காலம் முழுக்கத் தபால்பெட்டி நிறைய பளபளப்பான கையேடுகள் வந்து விழும். பாதிக் கல்லூரிகளின் பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்கமாட்டோம். ஆயிரத்து ஐந்நூறு மாணவர்கள், செங்கல் கட்டடம், மரத்தடியில் வகுப்பு. விலையைப் பார்த்தால் வருடத்துக்கு எழுபது, எண்பதாயிரம் டாலர். உடனே இரண்டில் ஒன்று நடக்கிறது. "இந்தப் பெயரை ஊரில் யாருக்குத் தெரியும்?" என்று அப்பா கையேட்டைக் குப்பையில் போடுகிறார், அல்லது "முப்பதாயிரம் ஸ்காலர்ஷிப் கொடுத்திருக்கிறார்கள்" என்று அம்மா உறவினர்களுக்கெல்லாம் போன் போடுகிறார். இரண்டுமே அவசர முடிவுகள்தான். சிறிய தனியார் கல்லூரி சிலருக்குப் பெரிய லாபம், சிலருக்குப் பெரிய நஷ்டம். எது என்பது விலைப்பட்டியலிலும் தெரியாது, ஸ்காலர்ஷிப் கடிதத்திலும் தெரியாது. பொதுவில் கிடைக்கும் ஏழெட்டு எண்களை நாமே தேடிச் சேர்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் வசிக்கும் குடும்பங்களை மனதில் வைத்து அந்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த ரகக் கல்லூரி என்று பிரியுங்கள்

சிறிய தனியார் கல்லூரி என்பது ஒரே இனம் இல்லை. குறைந்தது மூன்று ரகம் உண்டு.

சிலவற்றிடம் அறக்கட்டளை நிதி, அதாவது எண்டோமென்ட், மலையளவு இருக்கும். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்றவை அந்த ரகம். அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் கிரின்னெல் இன்னொன்று. இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949இல் அங்கே பட்டம் பெற்றவர். இன்டெல் பிறந்த காலத்திலேயே கல்லூரி அதில் முதலீடு செய்தது. இத்தகைய கல்லூரிகளில் நுழைவதுதான் கஷ்டம். நுழைந்துவிட்டால், வருமானம் குறைந்த, நடுத்தரக் குடும்பங்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தைவிடச் செலவு குறைவாகவே வரக்கூடும். ஆனால் ஆம்ஹர்ஸ்டும் வில்லியம்ஸும் மதிப்பெண்ணுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. தேவையைப் பார்த்துத்தான் தருகின்றன. இரண்டு ஐ.டி. சம்பளம் வரும் வீட்டுக்கு முழு விலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ரகம், ஒரு குறிப்பிட்ட துறையில் வலுவானவை. இண்டியானாவின் ரோஸ்-ஹல்மன், கலிபோர்னியாவின் ஹார்வி மட் இரண்டும் பொறியியல், அறிவியலுக்குப் பெயர்போனவை. பெயர் ஊரில் தெரியாது. வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் எண்ணிக்கையில் அதிகம்: நிதி குறைவு, மாணவர் சேர்க்கைக்குப் போராட்டம், விலையை உயர்த்திவைத்துத் தள்ளுபடி தரும் கல்லூரிகள். நம் வீட்டுத் தபால்பெட்டியை நிறைப்பவை பெரும்பாலும் இவைதான். கீழே வரும் எச்சரிக்கைகளும் முக்கியமாக இவற்றுக்குத்தான்.

இரண்டாம் படி: பட்டியல் விலையை மறந்துவிடுங்கள்

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் புடவையில் புது விலைச்சீட்டு ஒட்டும் கதைதான். அமெரிக்கக் கல்லூரி நிதி அலுவலர்களின் சங்கமான நாக்குபோ வருடாவருடம் வெளியிடும் கணக்குப்படி, தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் சராசரித் தள்ளுபடி கட்டணத்தில் 56 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பாதிக்கும் மேல்! ஆகவே "உங்கள் பிள்ளையின் திறமைக்காக" என்று வரும் முப்பதாயிரம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஏதோ ஒரு பெயரில் வருவதுதான். சில கல்லூரிகள் இந்த நாடகமே வேண்டாம் என்று பட்டியல் விலையையே குறைத்துவிட்டன. நியூ ஹாம்ஷயரின் கோல்பி-சாயர் 46,000 டாலரைத் தாண்டியிருந்த கல்விக் கட்டணத்தை 2023 இலையுதிர் பருவத்திலிருந்து 17,500 ஆக்கியது. பெற்றோர் கையிலிருந்து போகும் பணம் அதே அளவு விழுந்துவிடவில்லை. தள்ளுபடியும் கூடவே சுருங்கியது, அவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது நிகர விலை: மொத்தச் செலவிலிருந்து திருப்பித் தரவேண்டாத பணத்தை மட்டும் கழித்தால் வருவது. அரசு உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' வைத்திருக்கவேண்டும் என்பது 2011 முதல் கட்டாயம். விண்ணப்பிக்கும் முன்பே, வருமானவரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை நிரப்புங்கள். ஜி.பி.ஏ.வும் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும் கேட்கும் கால்குலேட்டர்களை ஓரளவு நம்பலாம். வருமானத்தை மட்டும் கேட்பவை மதிப்பெண் ஸ்காலர்ஷிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

அரசின் 'காலேஜ் நேவிகேட்டர்' தளத்தில் வருமான வாரியாகச் சராசரி நிகர விலை கிடைக்கும். ஒரு குறை: கடைசிப் பிரிவு 1,10,000 டாலருக்கு மேல் எல்லோரும் என்று முடிந்துவிடும். 1,20,000 சம்பாதிப்பவரும் 3,00,000 சம்பாதிப்பவரும் ஒரே கூடையில். அந்த வருமானக் குடும்பங்கள் பார்க்கவேண்டியது, கல்லூரிகள் ஒரே வடிவத்தில் வெளியிடும் தகவல் தொகுப்பான 'காமன் டேட்டா செட்'. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பி.டி.எஃப். கிடைக்கும். அதில் ஹெச்2ஏ பகுதிக்குப் போங்கள். நிதித் தேவையே இல்லாத எத்தனை மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று அங்கே இருக்கும். கையேட்டின் ஐம்பது பக்கத்தைவிட அந்த இரண்டு வரி பேசும்.

அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவை மட்டும் கேட்கும் கல்லூரி நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைப் பார்க்காது, சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்னும் இன்னும் விரிவான விண்ணப்பத்தைக் கேட்கும் கல்லூரிகளில் பல பார்க்கும். கலிபோர்னியாவில் பதினைந்து வருடம் முன்பு வீடு வாங்கியவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை. 2024-25 முதல் ஃபாஃப்சா கணக்கில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தாலும் சலுகை இல்லை. சி.எஸ்.எஸ். கல்லூரிகள் சில இன்னும் அதைக் கவனிக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோரின் ஹெச்-1பி வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் பிள்ளை இன்னும் இருந்தால் அரசு மானியமும் கிடையாது, அரசுக் கடனும் கிடையாது. கல்லூரியின் சொந்தப் பணத்தில் உள்ளூர் மாணவராக நடத்துவார்களா, வெளிநாட்டு மாணவராகவா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஹெச்-4 தகுதி தீரும் 21 வயது எப்போது நிறைகிறது என்பதையும் சேர்த்து, விண்ணப்பத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிள்ளை இங்கே பிறந்து பெற்றோர் மட்டும் ஹெச்-1பி என்றால் பிள்ளைக்குத் தடை இல்லை. ஆனால் பெற்றோர் பெயரில் எடுக்கும் பேரன்ட் ப்ளஸ் கடன் கிடைக்காது.

மூன்றாம் படி: கடிதத்தை வரி வரியாக உடையுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 2022இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு நிதியுதவிக் கடிதங்களை ஆராய்ந்தது. 91 சதவீதக் கல்லூரிகள் நிகர விலையைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துக் காட்டியிருந்தன.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். கல்விக் கட்டணம் 52,000, தங்குமிடமும் சாப்பாடும் 15,000, இதர ஃபீஸ் 1,500, புத்தகமும் பயணமும் 3,500. மொத்தம் 72,000 டாலர். கீழே "உங்களுக்கான உதவி" என்ற தலைப்பில்: டீன்ஸ் ஸ்காலர்ஷிப் 30,000, கல்லூரி மானியம் 8,000, மத்திய அரசுக் கடன் 5,500, வொர்க்-ஸ்டடி 2,500, பேரன்ட் ப்ளஸ் 20,000. கடைசியில் கொட்டை எழுத்தில் "மீதி: 6,000."

ஆறாயிரம்தானா என்று மகிழ்ந்துவிடக்கூடாது. 5,500 பிள்ளையின் கடன். 20,000 உங்கள் கடன். 2,500 என்பது பிள்ளை நூலகத்தில் நின்று வேலை பார்த்து மாதாமாதம் வாங்கப்போகும் சம்பளம். ஃபீஸ் கட்டும் ஆகஸ்ட் மாதத்தில் அது கையில் இருக்காது. உண்மையான உதவி 38,000. நிகர விலை 34,000.

அடுத்து நான்கு வருடத்துக்கு. நான்கால் பெருக்கிவிடாதீர்கள். செலவு வருடம் 4 சதவீதம் ஏறுகிறது, ஸ்காலர்ஷிப் ஏறாமல் அதே 38,000இல் நிற்கிறது என்று வையுங்கள், வழக்கம் அதுதான். 34,000, பிறகு 36,880, பிறகு 39,875, கடைசி வருடம் 42,990. கூட்டினால் 1,53,745. நான்கால் பெருக்கியிருந்தால் 1,36,000 என்று நினைத்திருப்போம்.

கல்லூரி நிதி அலுவலகத்துக்கு அனுப்ப மூன்று கேள்விகள். ஸ்காலர்ஷிப் தொடர எத்தனை ஜி.பி.ஏ. வேண்டும், சென்ற வருடம் எத்தனை சதவீதம் பேர் இழந்தார்கள்? மானியம் முதல் வருடத்துக்கு மட்டும் அதிகமாக வைக்கப்பட்டதா? வெளியில் வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினால் உங்கள் மானியத்தைக் குறைப்பீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் "ஆமாம், குறைப்போம்" என்றே பதில் வரும்.

இப்போது எதிர்ப்பக்கம். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் வருடம் 28,000, உதவி எதுவும் இல்லை, அதே 4 சதவீத ஏற்றம் என்றால் நான்கு வருடத்துக்கு 1,18,901. வித்தியாசம் ஏறக்குறைய 35,000 டாலர். அந்த 35,000க்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இனி உங்கள் கேள்வி. 'எது நல்ல கல்லூரி' என்பதைவிட இதற்குப் பதில் தேடுவது சுலபம்.

பதிலில் ஒரு பகுதி கணக்கிலேயே இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் வேண்டிய வகுப்பில் இடம் கிடைக்காமலோ, மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றியோ, ஐந்தாம் வருடம் இழுத்தால் இன்னொரு 32,756 சேரும். மொத்தம் 1,51,657. வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. ஒரு வருடச் சம்பளமும் போகிறது. ஆகவே இரண்டு பக்கமும் நான்கு வருடத்தில் பட்டம் பெறுவோர் சதவீதத்தைப் பாருங்கள். விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் ஆறு வருட எண். சிறிய கல்லூரி என்றாலே சீக்கிரம் முடிப்பார்கள் என்றும் இல்லை. நான்கு வருடத்தில் பாதிப் பேர்கூட முடிக்காத சிறிய கல்லூரிகள் நிறையவே உண்டு. அவற்றுக்கு அதிகம் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

நான்காம் படி: கடனுக்கு எல்லை

பெற்றோரைச் சார்ந்த மாணவர் அரசிடம் எடுக்கக்கூடிய கடன் முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, பிறகு 7,500, 7,500. மொத்தம் 27,000 டாலர். பிள்ளையின் தலையில் ஏற்றும் கடன் இதற்குள் நிற்கட்டும் என்பது என் கருத்து. பேரன்ட் ப்ளஸ் முன்பெல்லாம் மொத்தச் செலவு வரை கிடைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர்தான். மேலே பார்த்த கடிதத்தின்படி வருடம் இருபதாயிரம் எடுத்தால் நான்காம் வருடம் ஐயாயிரம்தான் பாக்கி இருக்கும். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன், அதற்கு உங்கள் கையெழுத்து.

அதே சட்டம் மேற்படிப்புக்கும் கத்தி வைத்திருக்கிறது. புதிதாகச் சேர்வோருக்கு, மேற்படிப்புக்கான அரசுக் கடனான கிராட் ப்ளஸ் இல்லை. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்படிப்புக்கு வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர் வரைதான் அரசுக் கடன். "டாக்டர் ஆகப்போகிறேன்" என்னும் பிள்ளையின் வீட்டில் சேமிப்பு முழுவதையும் இளங்கலைக்கே கரைப்பது இனி முன்னைவிட ஆபத்து.

ஐந்தாம் படி: வேலை மதிப்பைத் துறைவாரியாகப் பாருங்கள்

கல்லூரியின் சராசரிச் சம்பளம் என்ற எண்ணால் நமக்குப் பெரிய பயன் இல்லை. நர்ஸிங் அதிகம் படிக்கும் கல்லூரியில் சராசரி ஏறும், நாடகமும் இசையும் அதிகம் படிக்கும் இடத்தில் இறங்கும். உங்கள் பிள்ளை படிக்கப்போவது ஒரு மேஜர். அரசின் 'காலேஜ் ஸ்கோர்கார்ட்' மேஜர்வாரியாக வருமானம் காட்டும். சிறிய கல்லூரிகளில் ஒரு சிக்கல்: ஒரு மேஜரில் எட்டுப் பேர், பத்துப் பேர்தான் என்றால் தனியுரிமைக்காக எண்ணை மறைத்துவிடுவார்கள். அரசு உதவி வாங்கியவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வருகிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

எண் இல்லாத இடத்தில் கைவேலைதான். லிங்க்டுஇன்னில் கல்லூரியின் பக்கத்துக்குப் போய், பழைய மாணவர்கள் பகுதியில் மேஜரையும் பட்டம் பெற்ற வருடத்தையும் கொடுத்துத் தேடுங்கள். மூன்றிலிருந்து ஏழு வருடம் முன்பு முடித்தவர்களை மட்டும் பாருங்கள். 1985இல் பட்டம் பெற்று, ஏதோ ஒரு நிறுவனத்தின் துணைத் தலைவராகக் கையேட்டில் சிரிப்பவர் இன்றைய கல்லூரியைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். முப்பது பேரின் பக்கத்தைப் படித்தாலே ஒரு வடிவம் தெரியும்: முதல் வேலை எங்கே, எந்த ஊரில், மேஜருக்குச் சம்பந்தம் உண்டா.

"96 சதவீதம் பேர் வேலையில் அல்லது மேற்படிப்பில்" என்று எல்லாக் கல்லூரியும் சொல்லும். கேட்கவேண்டிய முதல் கேள்வி, மொத்தம் எத்தனை பேரைப் பற்றித் தெரியும் என்பது. நூறு பேரில் ஐம்பது பேரைப் பற்றித் தெரிந்து அதில் நாற்பத்தெட்டுப் பேர் என்றாலும் 96 சதவீதம்தான். இரண்டாவது, பகுதிநேரக் காபிக்கடை வேலையும் அதில் சேர்த்தியா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் பிள்ளைக்கு இன்னொரு சோதனை. பாடத்திட்டப் புத்தகத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், மெஷின் லேர்னிங், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் எல்லாம் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பதிவாளர் தளத்தில் கடந்த நான்கு பருவங்களின் வகுப்பு அட்டவணையைத் திறந்து, உண்மையில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். மூன்றே பேராசிரியர்கள் இருக்கும் துறையில் ஒருவர் ஓராண்டு விடுப்பில் போனால் ஒரு பாடம் நின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் பாடத்தைத் தவறவிட்டால் அவ்வளவுதான். பொறியியல் என்றால் பொறியியல் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அபெட் அமைப்பின் அங்கீகாரம் உண்டா; நர்ஸிங் என்றால் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் முதல் முயற்சியில் தேறியவர் எத்தனை சதவீதம் என்று மாநில நர்ஸிங் வாரியத்தின் தளத்தில் பாருங்கள்.

பொறியியலே இல்லாத சில கல்லூரிகள் 3-2 திட்டத்தைக் காட்டும்: மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் கொலம்பியா போன்ற இடத்தில், இரண்டு பட்டம். அழகான ஏற்பாடுதான், ஆனால் ஐந்து வருடச் செலவு. இரண்டாவது கல்லூரியின் நிதியுதவிக்கு உத்தரவாதமும் இல்லை. கடந்த ஐந்து வருடத்தில் இங்கிருந்து உண்மையில் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் ப்ரீ-மெட்டில் "எங்கள் மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மருத்துவ இடம்" என்பார்கள். மருத்துவக் கல்லூரிக்குக் கல்லூரியின் குழு எழுதித் தரும் சிபாரிசான கமிட்டிக் கடிதம் எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்டால் பேச்சு மாறும்.

சிறிய கல்லூரி உண்மையிலேயே ஜெயிக்கும் இடமும் உண்டு, ஆராய்ச்சிப் படிப்பு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கணக்குகளில், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அதிகம் பேரை பி.எச்டி.க்கு அனுப்பும் வரிசையில் ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர் எல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு முன்னால் நிற்கின்றன. முதுகலை மாணவர்களே இல்லாததால் ஆய்வகக் கருவியை இளங்கலை மாணவர்தான் கையாளவேண்டும். பேராசிரியர் எழுதும் சிபாரிசுக் கடிதத்தில் பெயரைத் தாண்டியும் விஷயம் இருக்கும். கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய வரம். முந்நூறு பேர் வகுப்பிலும் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் பிள்ளைக்கு இதற்காகத் தனியாக விலை கொடுக்கவேண்டியதில்லை.

பெயரைப் பற்றிய கவலைக்கு ஒன்று சொல்லலாம். பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரிக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். கடும் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவர்களும் போகாதவர்களும் பிற்பாடு ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கடும் போட்டியுள்ள கல்லூரியால் தெளிவான பலன் இருந்தது.

ஆறாம் படி: கல்லூரி நான்கு வருடம் உயிரோடு இருக்குமா?

அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது. அந்த வருடம் பிறந்தவர்களுக்கு 2025இல் பதினெட்டு வயது. இனி வருடாவருடம் மாணவர் குறைவு. 1842இல் தொடங்கிய அயோவா வெஸ்லியன் 2023இல் மூடப்பட்டது. 1868இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி 2024 ஏப்ரல் கடைசியில் அறிவித்து, அந்தப் பருவத்தோடே மூடிவிட்டது. பர்மிங்ஹாம்-சதர்ன் அதே வருடம் மே 31இல். பிலடெல்பியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் ஒரு வார அவகாசம்தான் கொடுத்தது. ஸ்வீட் பிரையர் மாதிரி 2015இல் மூடுவதாக அறிவித்து, பழைய மாணவிகள் பணம் திரட்டிக் காப்பாற்றியதெல்லாம் அபூர்வம்.

அரை மணி நேரச் சோதனை போதும். கடந்த வருடங்களின் சேர்க்கை எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள். ஐந்து வருடத்தில் கால்வாசி குறைந்திருந்தால் கவலைதான். முதல் வருட மாணவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடம் திரும்பினார்கள் என்பது காலேஜ் நேவிகேட்டரில் இருக்கும். கல்வித் துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் நிதிநிலை மதிப்பெண் தருகிறது, மைனஸ் 1 முதல் 3 வரை, 1.5க்குக் கீழ் என்றால் சரியில்லை. லாபநோக்கமற்ற கல்லூரிகள் வருடாவருடம் அரசுக்குத் தரும் வரவுசெலவுக் கணக்கான 990 படிவத்தை புரோபப்ளிகா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மூன்று வருடம் தொடர்ந்து செலவு வரவைத் தாண்டியிருந்தால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கடைசியாக, அங்கீகார அமைப்பின் தளத்தில் "எச்சரிக்கை", "ப்ரொபேஷன்" என்று ஏதாவது போட்டிருக்கிறதா?

ஏழாம் படி: பேரம் பேசுங்கள், பிறகு கட்டுங்கள்

நம்மவர்களுக்குக் கல்லூரியில் பேரம் பேசுவதென்றால் கூச்சம். இங்கே அதற்கு "அப்பீல்" என்று மரியாதையான பெயரே உண்டு. வேலை போனது, மருத்துவச் செலவு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றை ஆதாரத்தோடு எழுதுங்கள். இதே தரத்தில் இன்னொரு கல்லூரி அதிகம் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தை இணையுங்கள். "எங்கள் மகளுக்கு உங்கள் கல்லூரிதான் முதல் விருப்பம், வருடம் ஐயாயிரம் இடைவெளி இருக்கிறது" என்று குறிப்பான எண்ணோடு கேட்பது, பொதுவாகப் புலம்புவதைவிட வேலை செய்யும். இடம் நிரம்பாத கல்லூரி இறங்கி வரும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டிய 'ஏர்லி டிசிஷன்' விண்ணப்பம் போட்டிருந்தால் ஒப்பிட்டுக் காட்ட இன்னொரு கடிதமே கையில் இருக்காது. விலை முக்கியமான வீடுகளுக்கு அது சரிப்படாது.

முன்பணம் கட்டக் கடைசி நாள் வழக்கமாக மே 1. இரண்டு கல்லூரிக்கும் கட்டிவைத்து வேடிக்கை பார்க்காதீர்கள். தெரிந்தால் இரண்டு இடமும் போகலாம். கட்டிய பிறகு கோடையில் வரும் பில்லில் கல்லூரியின் மருத்துவக் காப்பீடு தானாகச் சேர்ந்திருக்கும். உங்கள் ஆபீஸ் காப்பீட்டில் பிள்ளை இருந்தால், கெடுவுக்குள் விலக்குப் படிவம் நிரப்பினால் சில ஆயிரம் மிச்சம். எந்தக் கடிதமும் கட்டுப்படியாகவில்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. மே மாதத் தொடக்கத்தில், இன்னும் இடமும் நிதியுதவியும் மீதமிருக்கும் கல்லூரிகளின் பட்டியலை நாக்காக் என்னும் சேர்க்கை ஆலோசகர் சங்கம் வெளியிடும். அதில் உள்ளவற்றுக்கும் இரண்டாம் படியிலிருந்து ஆறாம் படிவரை அப்படியே பொருந்தும்.